பேசாத தெய்வத்தின் அரசியல்: மிகுபுனைவு உலகங்களில் அதிகாரம் எங்கிருந்து பிறக்கிறது?

1750-ஆம் ஆண்டு ஜனவரியில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா தம் நாடு முழுவதையும் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்தார். திருப்படித்தானம் என்று பெயர்பெற்ற அந்தச் சடங்கில் தம் உடைவாளைச் சந்நிதியில் வைத்து ஒப்படைத்துவிட்டு, அதைத் தெய்வத்திடமிருந்து பெற்றுக்கொள்பவராகத் திரும்ப எடுத்து, அன்று முதல் 'பத்மநாபதாசன்' என்ற பெயரில், உரிமையாளரின் ஊழியராக நாட்டை ஆண்டார். அவருக்குப் பின் வந்தவர்களும் அந்தப் பெயரைத் தாங்கியே ஆண்டார்கள்.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். குளச்சலில் 1741-இல் டச்சுக்காரர்களை முறியடித்தவர், காயங்குளத்தையும் அம்பலப்புழையையும் படைபலத்தால் சேர்த்துக்கொண்டவர், எட்டுவீட்டில் பிள்ளைமார் என்ற நிலவுடைமைத் தலைவர்களை இரக்கமின்றி ஒழித்தவர் என்ற வகையில் அவரிடம் வாளுக்குக் குறைவிருக்கவில்லை. ஆனால் வாளால் பெற்றதை இன்னொரு வாள் பறித்துவிடலாம். நாடு தெய்வத்தின் சொத்து என்று ஆனபின், மன்னருக்கு எதிரான கலகம் தெய்வத்துரோகமாகிவிடுகிறது. மன்னரோ எதையும் இழக்கவில்லை. வரி முன்போலவே வந்தது, படை முன்போலவே நின்றது. நாட்டைக் கொடுத்து அவர் வாங்கியது, யாராலும் கேள்வி கேட்க முடியாத ஓர் உரிமையாளருக்கு ஒரே முகவர் என்ற இடத்தை.

மிகுபுனைவு, அதாவது தெய்வமும் மந்திரமும் உண்மையாகவே உலவும் கற்பனைக் கதை எழுதுகிறவர் இங்கே நின்று கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வாளை வைத்த மறுகணம், அனந்தசயனத்தில் இருக்கும் பெருமாள் வாய் திறந்து, 'இதை நான் கேட்கவில்லையே' என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அல்லது, 'சரி, பெற்றுக்கொண்டேன். இந்த ஆண்டு மிளகு வரியைத் தள்ளுபடி செய்' என்று உத்தரவிட்டிருந்தால்? இரண்டாவது பதில் முதலாவதைவிட மன்னருக்கு ஆபத்தானது. உரிமையாளர் பேசத் தொடங்கிவிட்டால் முகவருக்கு என்ன வேலை?

நம்பிக்கையுள்ளவரின் உள்ளத்தில் தெய்வம் பேசலாம். அரசவையில் எல்லோர் காதிலும் ஒரே சொல்லாக விழும்படி அது பேசுவதில்லை. மனித வரலாற்றில் அரசும் மதமும் சேர்ந்து எழுப்பிய நிறுவனங்களில் பெரும்பாலானவை இந்த நடைமுறை உண்மையின் மேல்தான் நிற்கின்றன. தெய்வத்துக்கும் மக்களுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் நிற்பவருக்குத்தான் அதிகாரம் கிடைக்கிறது. கற்பனை உலகம் படைக்கும் எழுத்தாளர்கள் பலர் இடறுவதும் இங்கேதான். இடைக்கால ஐரோப்பாவின் அரசவையையும் குருபீடத்தையும் பரம்பரைப் பிரபுக்களையும் அப்படியே பெயர்த்தெடுத்து, நேரில் வந்து நிற்கிற, வரம் கொடுக்கிற, சினந்தால் ஊரை எரிக்கிற தெய்வங்கள் உள்ள மண்ணில் நட்டுவிடுகிறார்கள். மௌனத்தில் வளர்ந்த செடி அந்த மண்ணில் எப்படி வேர்பிடிக்கும் என்று யோசிப்பதில்லை.

ரோமானியர்கள் இந்த மௌனத்தை ஒரு நிர்வாகத் துறையாகவே நடத்தினார்கள். பறவைகளின் போக்கையும் வானத்தின் குறிகளையும் கண்டு நிமித்தம் சொன்னவர்கள் துறவிகளல்லர். செனட்டில் அமர்ந்திருந்த அதே அரசியல்வாதிகள். கி.மு. 59-இல் ஜூலியஸ் சீசரோடு ரோமின் தலைமை ஆட்சிப் பதவியான கான்சல் பதவியில் இருந்த பிபுலஸ், சீசரின் சட்டங்களைத் தடுக்க வேறு வழி தெரியாமல், வீட்டுக்குள் இருந்தபடியே தாம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தார். அப்படி நிமித்தம் பார்க்கப்படும் நாளில் மக்கள் அவை கூடக் கூடாது என்பது விதி. வானத்தில் உண்மையில் ஏதேனும் தெரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை. சீசர் அதைப் பொருட்படுத்தாமல் சட்டங்களை நிறைவேற்றிக்கொண்டார். ஆனால் அவை செல்லுமா செல்லாதா என்ற சர்ச்சை அவரைப் பின்தொடர்ந்தது.

அதற்கு முன்பு, கி.மு. 249-இல், சிசிலித் தீவின் டிரெபானா துறைமுகத்தைத் தாக்கப் போன கான்சல் கிளாடியஸ் புல்கரின் கதையும் இதே வகையைச் சேர்ந்தது. கப்பலில் வைத்திருந்த புனிதக் கோழிகள் தீவனத்தைத் தொடவில்லை, கெட்ட சகுனம். தின்னாவிட்டால் தண்ணீராவது குடிக்கட்டும் என்று அவற்றைக் கடலில் எறியச் சொன்னவர், அன்றைய போரில் 93 கப்பல்களைப் பறிகொடுத்தார் என்பது ரோமானியர் திரும்பத் திரும்பச் சொன்ன கதை. கோழிகளின் தீர்ப்பு எப்போதும் பலிக்கும் என்று உறுதியாகத் தெரிந்த ஓர் உலகை நினைத்துப் பாருங்கள். அங்கே எந்தத் தளபதியும் கோழியைக் கடலில் எறியமாட்டார். இரு தரப்பும் காலையில் கோழிக்கூண்டைப் பார்க்கும்; ஒரு தரப்பு துறைமுகத்தைவிட்டுக் கிளம்பவே கிளம்பாது. எதிரியின் கோழிகளுக்கு லஞ்சம் கொடுக்க முடியாது என்பதால் ஒற்றர்கள் அவற்றைப் பராமரிப்பவரைத் தேடிப் போவார்கள். கோழிப் பராமரிப்பாளர் சில ஆண்டுகளில் அமைச்சராகிவிடுவார். நகைச்சுவையாகத் தோன்றினாலும், நிமித்தம் உண்மையாக வேலை செய்யும் உலகில் அதிகாரம் போய்ச் சேரும் இடம் அதுதான்.

ஐரோப்பியத் திருச்சபையின் வரலாற்றிலும் இதே சோதனையைச் செய்து பார்க்கலாம். 1076-இல் போப் ஏழாம் கிரகோரி, ஜெர்மானிய மன்னர் நான்காம் ஹென்றியைச் சபையைவிட்டு விலக்கி, குடிமக்களை அவருக்குச் செய்த சத்தியத்திலிருந்து விடுவித்தார். மறு ஜனவரியில் கனோசா கோட்டை வாசலில் மூன்று நாள் குளிரில் நின்று ஹென்றி மன்னிப்புப் பெற்ற காட்சியைப் பாடப்புத்தகங்கள் விடாமல் சொல்கின்றன. 1080-இல் கிரகோரி அதே ஆயுதத்தை அதே மன்னர்மீது மறுபடி வீசியபோது அது பயனளிக்கவில்லை என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. 1084-இல் ஹென்றி ரோமுக்குள் நுழைந்தார்; கிரகோரி அடுத்த ஆண்டு சலெர்னோவில், தம் நகருக்கு வெளியே இறந்தார். முதல் முறை சாபம் பலித்ததற்குக் காரணம், ஜெர்மானியப் பிரபுக்கள் மன்னரைக் கைவிட ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தது. சாபம் ஒரு மந்திரமாக இருந்திருந்தால் இரண்டு முறையும் ஒரேபோல் வேலை செய்திருக்கும், பிரபுக்களின் மனநிலை யாருக்கும் தேவைப்பட்டிருக்காது.

1974-இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டிலிருந்து கணிப்பொறி விளையாட்டுகள்வரை பரவிவிட்ட ஒரு வழக்கத்தை இதனோடு ஒப்பிட வேண்டும். அவற்றில் குருமார்கள் தம் தெய்வத்திடமிருந்து மந்திர ஆற்றலைப் பெறுகிறார்கள். தெய்வம் சினந்தால் ஆற்றல் நின்றுபோகும். கேட்க எளிய விதிதான். ஆனால் அதன் விளைவுகள் பெரியவை. கத்தோலிக்க உலகம் 1378 முதல் 1417 வரை இரண்டு போப்புகளாகவும், 1409-க்குப் பின் மூன்று போப்புகளாகவும் பிளந்து கிடந்தது. அதை முடிக்கப் பொதுச்சங்கமும் ஜெர்மானிய மன்னரின் தலையீடும் தேவைப்பட்டன. விளையாட்டின் விதி நடப்பில் இருந்திருந்தால் மூவரையும் ஒரு நோயாளியின் முன் நிறுத்தி, யாருடைய கை குணப்படுத்துகிறது என்று பார்த்து ஒரே காலையில் வழக்கை முடித்திருக்கலாம். அத்தகைய உலகில் மதபேதம் என்பதே விவாதமாக இருக்காது, பரிசோதனையாக இருக்கும். ஊழல் மிகுந்த தலைமைக்குரு என்ற பாத்திரம் அங்கே எப்படிச் சாத்தியம்? தெய்வம் கண்டுகொள்ளவில்லையா, அல்லது அதற்கும் அதில் பங்கு உண்டா? இதற்குப் பதில் சொல்லாமல் அந்தப் பாத்திரத்தைப் படைக்க முடியாது. பலரும் பதில் சொல்லாமலே படைத்துவிடுகிறார்கள்.

குணப்படுத்தும் கை என்பது வெறும் உதாரணமன்று. இங்கிலாந்திலும் பிரான்சிலும் அரசரின் கை பட்டால் கழுத்தில் கட்டிகள் தோன்றும் கண்டமாலை நோய் தீரும் என்று பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் தம் ஆட்சிக்காலத்தில் தொட்டவர்கள் 90,000-க்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். பின்னாளில் அகராதி தொகுத்துப் புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சனைக் குழந்தையாக இருந்தபோது 1712-இல் லண்டனுக்குத் தூக்கிச் சென்று ஆன் அரசியிடம் தொடச் செய்தார்கள், நோய் தீரவில்லை. ஆனாலும் வழக்கம் தொடர்ந்தது. அரியணையை இழந்து நாடுகடந்து வாழ்ந்த ஸ்டூவர்ட் வம்சத்தாரும் நோயாளிகளைத் தொட்டுக்கொண்டே இருந்தார்கள், ஏனென்றால் தொடுவது அரசுரிமைக் கோரிக்கையின் ஒரு பகுதி. உரிமை கோரும் இரு தரப்பும் தொடலாம், இரு தரப்புக்கும் சில நோயாளிகள் தாமாகவே குணமடைவார்கள், எதுவும் முடிவாகாது. முடிவாகாமல் இருந்ததால்தான் சடங்கு நீடித்தது.

டோல்கீன் 1955-இல் வெளியிட்ட தம் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலின் மூன்றாம் பாகத்தில் இந்த நம்பிக்கையை எடுத்து அதன் உள்ளமைப்பையே மாற்றினார். அங்கே மருத்துவமனையில் கிடப்பவர்களை, அரியணைக்கு உரிய வாரிசான அரகோர்ன் தொட்டு மூலிகையால் குணப்படுத்துகிறான்; உண்மையான அரசனின் கை மருத்துவனின் கை என்ற பழஞ்சொல்லை ஒரு கிழவி நினைவுகூர்கிறாள்; நகரம் அரசனை அடையாளம் கண்டுகொள்கிறது. கதையின் அளவில் அழகான காட்சி. அரசியலின் அளவில் பார்த்தால், வாரிசுரிமைச் சண்டை என்ற ஒரு பெரும் துறையையே அது ஒழித்துவிடுகிறது. சான்று கிடைத்தபின் பேரம் இல்லை, கட்சி இல்லை, சந்தேகப்பட இடமுமில்லை. அந்த நாவலில் அரசு திரும்புவதைப் பற்றிய ஏக்கம் இருக்கிறதே தவிர, அரசியல் அவ்வளவாக இல்லாமற்போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஆளும் உரிமை ஒரு பொருளில் உறைந்திருக்கும் என்ற கருத்தும் பழையது. சங்க காலத்தில் ஒவ்வோர் அரசனுக்கும் காவல்மரம் இருந்தது. பகைவன் அதை வெட்டிவிட்டால் தோல்வி உறுதியாகிவிடும், வெட்டிய மரத்திலேயே வென்றவன் முரசு செய்துகொள்வான். கடம்பை வெட்டி முரசாக்கிய சேரனைப் பதிற்றுப்பத்து பாடுகிறது. இலங்கையில் புத்தரின் புனிதப் பல்லை வைத்திருப்பவரே அரசர் என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. 1560-இல் யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்த போர்த்துக்கீசியர் அங்கே ஒரு பல்லைக் கைப்பற்றினார்கள். பெகு (இன்றைய மியான்மரில் இருந்தது) நாட்டு மன்னர் பெருந்தொகை கொடுத்து வாங்கிக்கொள்ள முன்வந்தும், பாதிரிமார் வற்புறுத்தலால் அதைக் கோவாவில் பொடியாக்கி எரித்துவிட்டார்கள். இதனால் எந்த அரசும் முடிந்துவிடவில்லை. அழிந்தது போலி, அசல் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்ல முடிந்தது. கண்டியின் தலதா மாளிகையில் இன்றும் பல் வழிபடப்படுகிறது. மந்திர மோதிரமோ வாளோ உண்மையாகவே வேலை செய்யும் கற்பனை உலகில் இந்த மறுபிறப்புக்கு வழியில்லை. அங்கே பொருள் போனால் போனதுதான். ஆகவே அதைச் சுற்றியுள்ள அரசு கோட்டை கட்டும், ஒளித்துவைக்கும், ஒருநாளும் வெளியே காட்டாது. காட்டாமல் இருக்கும் பொருள் இன்னும் இருக்கிறதா என்ற வதந்தி பிறக்கும். மறுபடியும் அரசியல் தொடங்கும்.

தெய்வம் பேசினால் அரசியல் ஒழிந்துவிடும் என்று இதுவரை சொன்னதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. சிலப்பதிகாரத்தைப் பார்த்தால் அது விளங்கும். அந்த உலகில் தெய்வங்கள் ஒளிந்திருப்பதில்லை. தீக்கடவுள் கண்ணகியின் முன் தோன்றி யாரை விட்டுவைக்க வேண்டும் என்று கேட்கிறான். பார்ப்பனர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் முதலியோரை விட்டுத் தீயவர்களை மட்டும் எரிக்க அவள் ஆணையிடுகிறாள். குறிதவறாத ஆயுதம் அது. தவறான தீர்ப்பு வழங்கிய பாண்டியன் உண்மை தெரிந்த கணத்திலேயே அரியணையில் உயிர்விடுகிறான். விசாரணைக்கும் முறையீட்டுக்கும் அங்கே நேரமே கிடைப்பதில்லை.

ஆனால் அதன்பின் நடப்பவற்றைக் கூர்ந்து பாருங்கள். நகர்த்தெய்வமான மதுராபதி வந்து, பாண்டியர் குலத்தின் செங்கோன்மையைப் புகழ்ந்துவிட்டு, கோவலன் முற்பிறவியில் செய்த கொலையின் வினைதான் இப்படி வந்தது என்று விளக்குகிறது. அரசின் குற்றம் ஊழின் கணக்கில் ஏறுகிறது. ஒரு வம்சத்தின் பெயரைக் காப்பாற்ற வந்த அதிகாரப்பூர்வ அறிக்கையைப் போலவே எனக்கு அந்தப் பகுதி ஒவ்வொரு முறையும் படுகிறது. பிறகு பாண்டிய நாட்டில் மழை பொய்த்து நோய் பரவுகிறது; கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்டுப் பத்தினியின் சினம் தணிக்கிறான். குற்றம் செய்தவன் ஒரு பொற்கொல்லன். அவனை நம்பி ஆணையிட்டது அரசன். விலை கொடுத்தவர்களோ அந்தத் தொழிலைச் செய்த ஆயிரம் பேர். தெய்வத்தின் சினம் உண்மையானதாக இருந்தாலும் அது யார்மேல் விழவேண்டும் என்று திருப்பிவிடும் வேலை அரண்மனையிடமே இருந்திருக்கிறது. வடக்கே சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல் எடுத்து, தோற்ற மன்னர்களான கனகவிசயரின் தலையில் ஏற்றிக் கொண்டுவந்து பத்தினிக்குக் கோயில் எடுக்கிறான். பாண்டியனை அழித்த சக்தி சேரனின் புகழாகிவிட்டது. பேசும் தெய்வங்களை வைத்து எழுத விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் வெளியில் தேடவேண்டியதில்லை.

மந்திரத்துக்கு வருவோம். தெய்வத்தைப் போலவே இங்கும் முதற்கேள்வி, அதற்கும் பொதுமக்களுக்கும் நடுவில் நின்று வாசலைக் காப்பவர் யார் என்பதுதான். மந்திர ஆற்றல் இரத்தத்தில் வருகிறது என்று ஒரு வரி எழுதிவிட்டால், எழுத்தாளர் அறிந்தோ அறியாமலோ ஒரு சாதியமைப்பைக் கட்டிவிட்டார் என்று பொருள். தமிழ் வாசகருக்கு இதை விளக்கவேண்டிய தேவையில்லை. பிறப்பால் உயர்வு தாழ்வு என்பது நம் உலகில் சான்றில்லாத கூற்று. அதனால்தான் அதைக் காக்க இவ்வளவு சாத்திரமும் வன்முறையும் வேண்டியிருந்தது. மந்திரம் பரம்பரையாக வரும் உலகில் அந்தக் கூற்றுக்கு எழுத்தாளரே சான்று தயாரித்துக் கொடுக்கிறார். பின்னர் ஒடுக்குமுறைக்கு எதிராகக் கதாநாயகனைப் பேச வைக்கும்போது, அவனும் அதே உயர்ந்த இரத்தத்தின் மறைக்கப்பட்ட வாரிசு என்று வெளிப்படுத்தினால், எதிர்த்தது எதை என்ற குழப்பம் மிஞ்சும். இந்த அமைப்பைத் தேர்ந்தெடுப்பவர் அதன் அன்றாட நடைமுறையை நேர்மையாகப் பார்க்கவேண்டும்: அகமணக் கட்டுப்பாடு, ஆற்றல் வராமல் பிறந்த மூத்த மகனை என்ன செய்வது என்ற வீட்டுக்குள்ளான சண்டை, வேலைக்காரியின் பிள்ளைக்கு ஆற்றல் வந்துவிட்டால் இரவோடிரவாக நடக்கும் காரியங்கள்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் தொடரில் வரும் டார்கேரியன் வம்சம் இதற்கு நல்ல ஆய்வுப்பொருள். மூன்று டிராகன்களைக் கொண்டு ஒரு கண்டத்தின் பெரும்பகுதியைப் பணியவைத்தவர்கள், இரத்தம் கலக்காமல் இருக்க உடன்பிறந்தோரையே மணந்தவர்கள். அந்த உலகின் ஆண்டுக்கணக்கில் 153-இல் கடைசி டிராகன் செத்தது; வம்சம் அரியணையை இழந்தது 283-இல். நடுவே 130 ஆண்டுகள் டிராகன் இல்லாமலே ஆண்டார்கள். டிராகன் காலத்தில் அமைந்த வரிமுறையும் திருமண உறவுகளும் பழகிப்போன கீழ்ப்படிதலும் அதன்பின் தாமாகவே ஓடின. இதைவிடச் சுவையானது டோர்ன் நாட்டின் கதை. டிராகன்கள் வந்தபோது டோர்ன் மக்கள் கோட்டைகளைக் காலியாக விட்டுவிட்டு மணலில் கலைந்துபோனார்கள். எரிக்க எதுவும் அகப்படவில்லை. டிராகன்களால் பிடிக்க முடியாத அந்த நாடு, அவை அழிந்து பல ஆண்டுகள் கழித்து 187-இல் திருமண ஒப்பந்தத்தால் இணைந்தது. அழிக்கும் ஆற்றலும் ஆளும் ஆற்றலும் வேறுவேறு என்பதைக் கதைக்குள்ளேயே காட்டிய இடம் அது.

கற்றுப் பெறும் மந்திரம் என்றால் கணக்கு வேறு. ஆண்டுக்குப் பத்துப் பேர் பயின்று வெளிவரும் குருகுலம் அணு ஆயுதக் கிடங்கைப் போன்றது. அரசு அதைப் பக்கத்திலேயே வைத்திருக்கும், அல்லது இடித்துத் தள்ளும். ஆண்டுக்குப் பத்தாயிரம் பேர் வெளிவந்தால் அவர்கள் எழுத்தர்களையும் கணக்கர்களையும் போன்ற ஒரு வகுப்பாகி, சம்பள உயர்வும் பதவி மாற்றமும் கேட்பார்கள். மந்திரம் ஒரு தாதுப்பொருளிலிருந்து வருகிறது என்றால் சுரங்கமும் சாலையும் சுங்கமுமே அந்த உலகின் அரசியல்.

சிறிய மந்திரங்களைத்தான் எழுத்தாளர்கள் மிகவும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். மலையைப் பிளக்கும் மந்திரவாதி ஒருவன் இருப்பதால் சமூகம் மாறுவதைவிட, தொலைவில் இருப்பவரோடு பேசவைக்கும் கண்ணாடி ஒன்று ஒவ்வொரு கோட்டையிலும் இருப்பதால் அதிகம் மாறும். பாரசீகப் பேரரசின் அரசப் பெருவழியில் சார்டிஸிலிருந்து சூசாவுக்கு நடந்துபோக 90 நாள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கணக்குச் சொல்கிறார். அவ்வளவு தொலைவில் இருந்த ஆளுநர்கள் பாதி அரசர்களாகவே வாழ்ந்தார்கள். மையம் கேட்பதற்குள் அவர்கள் முடிவெடுத்தாக வேண்டும். முடிவெடுப்பவனிடம் படையும் பணமும் இருந்தாக வேண்டும். கண்ணாடி வந்தால் அந்த ஆளுநர் வெறும் அதிகாரியாகிவிடுவார். அதேபோல் பொய்யைக் கண்டறியும் மந்திரம் இருந்தால் நீதிமன்றம் மாறும், ஒற்றாடல் மாறும், தூதுவர் அனுப்புவது மாறும். அரசவைக்குள் மட்டும் அந்த மந்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று முதற்சட்டம் வரும் என்பது என் ஊகம்.

தெய்வங்கள் மக்களின் வழிபாட்டால்தான் உயிர்வாழ்கின்றன என்ற அமைப்பும் மிகுபுனைவில் அடிக்கடி வருவது. அங்கே இடைவெளி தலைகீழாகிறது: தெய்வம் மக்களைச் சார்ந்திருக்கிறது, ஆகவே அதற்கும் தேர்தல் கவலை உண்டு. டெரி பிராட்செட் 1992-இல் எழுதிய நாவலில் ஓம் என்ற பெருந்தெய்வம் ஒரு சிறு ஆமையாகச் சுருங்கிக் கிடக்கிறது, ஏனெனில் உண்மையாக நம்புகிறவன் ஒரே ஓர் இளைஞன்தான். அதன் பெயரால் நடக்கும் திருச்சபையோ படையும் சித்திரவதைக் கூடமுமாகக் கொழித்து நிற்கிறது; தெய்வம் சுருங்கியதை அது கவனிக்கவே இல்லை. கிண்டலாக எழுதப்பட்டது என்றாலும், நிறுவனத்துக்குத் தெய்வத்தின் பெயர் போதும், தெய்வம் வேண்டியதில்லை என்ற நிலையை அதைவிடத் துல்லியமாக வரைந்த கற்பனை உலகத்தை நான் பார்த்ததில்லை.

திருவனந்தபுரத்துக் கதைக்கு ஒரு தொடர்ச்சி உண்டு. பத்மநாபசுவாமி கோயிலின் நிர்வாக உரிமை பற்றிய நீண்ட வழக்கில் 2020 ஜூலை 13 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்து, திருவிதாங்கூர் அரச குடும்பத்தாரின் பராமரிப்பாளர் உரிமை மன்னராட்சி முடிந்தபின்னும் தொடர்வதாக ஏற்றுக்கொண்டது. அன்றாட நிர்வாகத்தை மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் விட்டது. இந்தியச் சட்டத்தில் கோயில் மூர்த்தி சொத்து வைத்துக்கொள்ளவும் வழக்குத் தொடுக்கவும் உரிமையுள்ள ஒரு சட்டப்படியான நபர். ஆனால் என்றும் வயதுவராத மைனர். ஆகவே அவர் சார்பில் பேச ஒரு பாதுகாவலர் எப்போதும் தேவைப்படுகிறார். பேசும் தெய்வங்களைக் கொண்டு ஓர் உலகைப் படைக்க நினைப்பவர் இந்த வழக்கின் காகிதங்களை எடுத்துக்கொண்டு, விசாரணை நடக்கும் ஒரு நாளில் மைனர் தாமே எழுந்து நீதிமன்றத்துக்கு வந்து, தமக்கு வயது வந்துவிட்டது, கணக்குப் புத்தகங்களைக் காட்டுங்கள் என்று கேட்பதாக முதல் அத்தியாயத்தை எழுதிப் பார்க்கலாம்.